ஒரே லொறி, நாட்டுக்கு நாடு வேறு வேகம்

மன்னாரிலிருந்து பேலியகொடை மீன் சந்தைக்கு ஒரு கூலர் லொறி போவதென்றால் ஐந்து பெருவீதிகளை அது மிதித்தாக வேண்டும். தீவிலிருந்து பாலம் கடந்து தள்ளாடி, உயிலங்குளம், முருங்கன், மடு வீதிச் சந்தி, செட்டிகுளம் என்று மதவாச்சி வரை ஏ-14. அங்கிருந்து ரம்பாவை வரை ஏ-9. அதிலிருந்து அனுராதபுரத்துக்கு ஏ-20. அனுராதபுரத்திலிருந்து புத்தளத்துக்கு ஏ-12. புத்தளத்திலிருந்து பேலியகொடை வரை ஏ-3. மொத்தம் முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். சந்தை இரவில் கூடி விடியற்காலையில் கலைந்து விடும். நேரத்துக்குப் போன மீனுக்கு ஒரு விலை, பிந்திப் போன மீனுக்கு வேறொரு விலை. நண்டும் இறாலும் அனுப்புகிறவர்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆகவே, வேகம் என்பது நமக்குப் பொலிஸார் சம்பந்தப்பட்ட விடயம் மட்டுமல்ல, கணக்குப் புத்தகத்தின் விடயமும்கூட. இந்தப் பக்கத்தில் இதுவரை வங்கிக் கடன், வரி, ஏற்றுமதி அனுமதி என்றெல்லாம் பேசியாகிவிட்டது. லொறி எத்தனையில் ஓடுகிறது என்பதைப் பற்றி யாரும் பேசியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

நமது நாட்டுச் சட்டத்தின்படி கட்டடங்கள் நிறைந்த பகுதிகளில் பொதுவாக 50. அதற்கு வெளியே காருக்கும் வேனுக்கும் 70, லொறிக்கு அதனிலும் குறைவு. முச்சக்கர வண்டிக்கு 40. அதிவேகப் பாதையில் 100. இந்த எண்கள் எல்லாச் சாரதிகளுக்கும் தெரியும். எந்த இடத்தில் எந்த எண் தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதில்தான் சச்சரவு. சிலாபத்திலிருந்து நீர்கொழும்பு வரை கடையும் வீடும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. முருங்கன் பக்கம் நாலு வீடு, பிறகு வயல், பிறகு ஒரு பாடசாலை, மறுபடி வயல். எங்கள் லொறிச் சாரதி ஒருநாள் என்னிடம் கேட்டார்: "முதலாளி, நாலு வீடு இருந்தா ஊரா, பத்து வீடு இருந்தா ஊரா? போட் இல்லாத இடத்தில நான் என்னத்தப் பாத்து ஓடுறது?" நியாயமான கேள்வி. பதிலும் அவரே சொன்னார்: "கழுதை நிண்டா ஊர் எண்டு நினைச்சுக்கொள்ளுவன்."

சிரித்து விட்டுப் போகலாம். ஆனால் மன்னார் வீதிகளில் இரவில் கழுதையும் மாடும் எத்தனையைப் பார்க்கிறோம்! அனுராதபுரம் - புத்தளம் வீதியில் யானை. போட்டில் உள்ள எண்ணை விட இவைதான் நமது சாரதிகளின் வேகத்தை நிர்ணயிக்கின்றன.

வெளியுலகம் இந்த விடயத்தை எப்படிக் கையாளுகிறது என்று பார்த்தால் தலை சுற்றும். பிரான்ஸின் நெடுஞ்சாலையில் காருக்கு 130, மழை பெய்தால் 110. போலந்தில் 140. நோர்வேயில் அதிகபட்சமே 110. பிரித்தானியாவில் 70 மைல், அதாவது சுமார் 112 கிலோமீற்றர். நெதர்லாந்து 2020 மார்ச்சில் பகல் நேரத்து எல்லையை 100 ஆகக் குறைத்தது. அதற்குக் காரணம் விபத்து அல்ல, காற்றில் கலக்கும் நைதரசன் மாசு. ஜேர்மனியின் ஓட்டோபானில் பல பகுதிகளில் காருக்கு எல்லையே கிடையாது. 130 என்று ஒரு சிபாரிசு மட்டும் 1978 முதல் இருக்கிறது. பக்கத்து வீட்டுச் சுவர் மாதிரி நெருங்கிக் கிடக்கும் நாடுகள் இவை. ஒரு பகல் பொழுதில் மூன்று நாட்டைக் கடக்கும் சாரதி, மூன்று சட்டத்தை மனதில் வைத்திருக்க வேண்டும்.

நம்மவர்களுக்கு ஐரோப்பாவை விட வளைகுடா நெருக்கம். எருக்கலம்பிட்டியிலும் தாராபுரத்திலும் முசலியிலும் சவூதியிலோ எமிரேட்ஸிலோ வாகனம் ஓட்டிய அனுபவம் உள்ளவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். சவூதியில் 2018இல் மக்கா - மதீனா போன்ற சில நெடுஞ்சாலைகளில் காருக்கான எல்லையை 140 ஆக உயர்த்தினார்கள். ஆனால் எமிரேட்ஸ் கதைதான் நமது தலைப்புக்கு மிகவும் பொருத்தமானது. டுபாயில் ஷேக் முஹம்மத் பின் ஸாயித் வீதி, அபூதாபியில் ஷேக் முஹம்மத் பின் ராஷித் வீதி என்பது ஒரே வீதி. டுபாய் தனது பகுதியில் 2017 ஒக்டோபரில் எல்லையை 120இலிருந்து 110 ஆகக் குறைத்தது.  ஆனால் டுபாயில் போட்டில் உள்ள எண்ணுக்கு மேலே 20 வரை கமரா கண்டுகொள்ளாது. 110 என்று போட்டிருந்தால் 131இல்தான் தண்டம். அபூதாபி இந்தச் சலுகையை 2018 ஓகஸ்டில் நீக்கிவிட்டது. அங்கே போட்டில் உள்ளதுதான் கமராவிலும்.  இப்போது கணக்குப் போடுங்கள். 110 என்று எழுதிய டுபாயில் 130 வரை ஓடலாம். 120 என்று எழுதிய அபூதாபி வீதியொன்றில் 121 ஓடினால் தண்டம். பெரிய எண் எழுதிய இடத்தில் குறைவாக ஓட வேண்டியிருக்கிறது! ஒரே நாடு, ஒரே நாணயம், ஒரே தார். அங்கே வாகனம் ஓட்டும் நமது பிள்ளைகளின் சம்பளத்திலிருந்து ஒரு பகுதி இந்தக் குழப்பத்துக்குப் போகிறது என்றால் மிகையல்ல.

பிரித்தானியாவிலும் இதே மாதிரி ஒன்று. ஏழரைத் தொன்னுக்கு மேற்பட்ட லொறிக்கு இரு திசையும் பிரிக்கப்படாத வீதியில் 40 மைல் என்று இருந்ததை, இங்கிலாந்தும் வேல்ஸும் 2015 ஏப்ரலில் 50 மைலாக்கின. ஸ்கொட்லாந்து அன்று 40இலேயே நின்றது. எல்லைக் கோட்டைத் தாண்டியவுடன் அதே லொறி, அதே சரக்கு, அதே சாரதி, மணிக்குப் பத்து மைல் குறைத்தாக வேண்டியிருந்தது.

எல்லா இடத்துக்கும் ஒரே எண் வைத்தால் என்ன என்று கேட்கலாம். அமெரிக்கா வைத்துப் பார்த்தது. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1974இல் நாடு முழுவதற்கும் 55 மைல் என்று ஒரே எல்லை. நோக்கம் எரிபொருளை மிச்சப்படுத்துவது. 1973இல் வீதி விபத்தில் இறந்தவர்கள் சுமார் 54,000. அடுத்த வருடம் சுமார் 45,000. மக்கள் ஓட்டிய தூரமே குறைந்ததும் இதற்கு ஒரு காரணம் என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் பாலைவனத்தில் நூறு மைல் நேர்ச்சாலையில் 55இல் ஊர்ந்து போக மேற்கு மாநிலத்தவர்கள் விரும்பவில்லை. சட்டம் இருந்தது, யாரும் மதிக்கவில்லை. 1987இல் கிராமப்புற நெடுஞ்சாலைகளுக்கு 65 வரை தளர்த்தினார்கள். 1995இல் சட்டத்தையே நீக்கி, எல்லையைத் தீர்மானிக்கும் உரிமையை மாநிலங்களிடம் திருப்பிக் கொடுத்தார்கள். டெக்ஸாஸில் 2012இல் திறந்த ஒரு கட்டணப் பாதையின் பகுதியில் இன்று 85 மைல். அதாவது சுமார் 137 கிலோமீற்றர்.

இதிலிருந்து நான் விளங்கிக் கொள்வது, காருக்கு எங்கும் ஒரே எண் என்பது நடக்காத காரியம். வீதி வேறு, வாகனம் வேறு, மக்களின் பழக்கம் வேறு. ஆனால் நமது அக்கறை கார் அல்லவே. சரக்கு வாகனம் என்று வரும்போது உலகம் வேறு வழியைக் கண்டுபிடித்திருக்கிறது. அதை நமது வர்த்தகர்கள் கவனிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

ஐரோப்பாவில் லொறிக்குரிய போட் எண் இன்றும் நாட்டுக்கு நாடு வேறுதான். ஜேர்மனியில் 80, பிரான்ஸில் 90. ஆனால் 1992இல் பிறப்பிக்கப்பட்ட ஓர் ஐரோப்பியப் பணிப்புரையின்படி பன்னிரண்டு தொன்னுக்கு மேற்பட்ட லொறிகளில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பூட்டப்பட வேண்டும் என்று வந்தது. சாரதி எவ்வளவு மிதித்தாலும் வண்டி 90ஐத் தாண்டாது. 2002இல் இதை மூன்றரைத் தொன்னுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கும் விரித்தார்கள். போட்டை ஒன்றாக்க முடியாதவர்கள் இயந்திரத்தை ஒன்றாக்கினார்கள்! ஒரு கம்பனியின் லொறி வேகமாக ஓடி மற்றக் கம்பனியின் வியாபாரத்தைப் பறிக்க முடியாது. எல்லோருக்கும் 90 என்றால் போட்டி விலையிலும் சேவையிலும் மட்டும்தான்.

ஜப்பானும் 2003 முதல் பெரிய லொறிகளுக்கு 90இல் இதே கருவியைக் கட்டாயமாக்கியது. அதே நேரம் அதிவேகப் பாதையில் பெரிய லொறிக்கான சட்ட எல்லை 80இலேயே இருந்தது. சாரதிகளின் வேலை நேரத்தைக் குறைக்கும் சட்டம் வந்தபோது, சரக்கு தேங்கிவிடும் என்று பயந்து, 2024 ஏப்ரலில் அந்த எல்லையை 90 ஆக்கினார்கள். சாரதியைக் கூடுதல் நேரம் ஓட வைப்பதற்குப் பதிலாக, அளவோடு கொஞ்சம் வேகமாக ஓட விட்டார்கள். நமது நாட்டில் இரண்டையும் ஒரே மனிதனிடம் கேட்கிறோம்: கூடுதல் நேரமும் ஓடு, வேகமாகவும் ஓடு.

அக்கரையைப் பாருங்கள். தலைமன்னாரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் இந்தியாவில், 2015 ஒக்டோபர் முதலாம் திகதிக்குப் பிறகு தயாரிக்கப்பட்ட பெரும்பாலான சரக்கு வாகனங்களுக்கு 80இல் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி விதிக்கப்பட்டது. டம்பர், தாங்கி லொறி போன்றவற்றுக்கு 60. கார்களுக்கான எல்லையை மத்திய அரசு 2018 ஏப்ரலில் உயர்த்தி, அதிவேகப் பாதைகளில் 120 வரை அனுமதித்தது. 2021 ஓகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவித்தலை ரத்துச் செய்தது. வேகத்தைக் கூட்டினால் மரணம் கூடும் என்பதே நீதிமன்றத்தின் கவலை. ஒரு நாட்டுக்குள்ளேயே அரசாங்கமும் நீதிமன்றமும் ஓர் எண்ணில் உடன்பட முடியவில்லை என்றால், நாடுகளுக்கிடையே எப்படி?

இந்தக் கேள்வி மன்னாருக்குத் தூரத்துக் கேள்வி அல்ல. இராமேஸ்வரம் - தலைமன்னார் கப்பல் ஒரு காலத்தில் ஓடியது. 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. எண்பதுகளில் போரோடு கப்பலும் நின்றது. 2015 மார்ச்சில் தலைமன்னார் இறங்குதுறை வரை ரயில் மீண்டும் வந்தது. 2023 ஜூலையில் இரு நாட்டுத் தலைவர்களும் வெளியிட்ட கூட்டு ஆவணத்தில் தரைவழித் தொடர்பு பற்றிச் சாத்தியவள ஆய்வு செய்வதாகச் சொல்லப்பட்டது. அதே வருடம் ஒக்டோபரில் நாகப்பட்டினம் - காங்கேசன்துறைக் கப்பல் தொடங்கியது. பாலம் வருமா, வரக்கூடாதா என்பது வேறு விவாதம். அதில் நான் இன்று இறங்கப் போவதில்லை. ஆனால் ரோ-ரோ கப்பலில் ஒரு லொறி ஏறி வந்தால்கூட, எந்தச் சட்டத்தில் அது ஏ-14இல் ஓடும் என்று யாராவது யோசித்திருக்கிறார்களா? நல்ல வேளை, இரண்டு பக்கமும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறோம். அந்த ஒரு விடயமாவது ஒன்று.

தெற்காசிய நாடுகள் இதைப் பேசாமல் இல்லை. 2014 நவம்பரில் கத்மண்டு சார்க் மாநாட்டில் மோட்டார் வாகன ஒப்பந்தம் ஒன்று கையொப்பமாகும் என்று எதிர்பார்த்தார்கள்; பாகிஸ்தான் உடன்படவில்லை. 2015 ஜூனில் திம்புவில் பங்களாதேஷ், பூட்டான், இந்தியா, நேபாளம் ஆகிய நான்கும் தனியாகக் கையொப்பமிட்டன. அடுத்த வருடம் பூட்டானின் மேல் சபை அதை நிராகரித்தது. பெரிய நாட்டின் லொறிகள் வந்து தமது சிறிய லொறிக்காரர்களை விழுங்கிவிடும் என்ற பயம் அங்கே இருந்தது. அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். மன்னாரில் ஒரேயொரு பட்டா வண்டியை வைத்துக் குடும்பம் நடத்துகிறவருக்கும் அதே பயம் வரும். அதனால்தான் சரக்கு வாகனத்துக்குப் பொது விதி முதலில் வர வேண்டும், பாதை பிறகு திறக்கட்டும் என்கிறேன். விதி இல்லாமல் பாதை திறந்தால் சின்னவன்தான் அடிபடுவான்.

இனி நமது கணக்குக்கு வருவோம். முந்நூறு கிலோமீற்றர் என்றாலும், ஊர், சந்தி, பாலம், ரயில் கடவை எல்லாம் போக, சாரதி உண்மையில் காலை ஊன்றி மிதிக்கக்கூடிய நீளம் 120 கிலோமீற்றர் என்று வைத்துக் கொள்வோம். அதை 60இல் ஓடினால் இரண்டு மணித்தியாலம். 70இல் ஓடினால் ஒரு மணி 43 நிமிடம். மிச்சம் பதினேழு நிமிடம். 90இல் ஓடினால் ஒரு மணி இருபது நிமிடம். மிச்சம் நாற்பது நிமிடம். இந்த நாற்பது நிமிடத்துக்காகத்தான் எல்லாப் போட்டியும்.

அதற்கு என்ன கொடுக்கிறோம்? 60இல் ஓடும் வண்டி ஒரு வினாடியில் கிட்டத்தட்ட 17 மீற்றர் போகும். 90இல் 25 மீற்றர். சாரதி கழுதையைக் கண்டு பிரேக்கில் கால் வைக்கும் அந்த ஒரு வினாடிக்குள் நடப்பது இது. பிறகு பிரேக் பிடித்து நிற்க எடுக்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 60க்குப் பதில் 90 என்றால் இரண்டேகால் மடங்கு. ஐஸ் பெட்டிகளோடு நாலு தொன் மீன் பின்னால் இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கொள்ளுங்கள். சராசரி வேகம் நூற்றுக்கு ஒன்று கூடினால் உயிர் போகும் விபத்தின் வாய்ப்பு நூற்றுக்கு நான்கு கூடுகிறது என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. வியாபாரத்தில் ஒன்று போட்டு நாலு நட்டப்படும் கொடுக்கலை யாராவது செய்வோமா?

எரிபொருளைப் பற்றி 2022 நமக்குப் பாடமே எடுத்தது. அந்த வருடம் ஜூன் கடைசியில் ஒரு லீற்றர் டீசல் 460 ரூபா. பிறகு கியூ.ஆர். அட்டையில் கோட்டா. அந்த மாதங்களில் எந்தப் பொலிஸ்காரரும் சொல்லாமலேயே எங்கள் வண்டிகள் மெதுவாக ஓடின. சந்தையும் அதற்கேற்ப ஒதுங்கிக் கொண்டது. ஏனென்றால் எல்லோரும் மெதுவாக ஓடினார்கள். ஒருவன் மட்டும் மெதுவாக ஓடினால் அவனுக்கு நட்டம். எல்லோரும் மெதுவாக ஓடினால் யாருக்கும் நட்டமில்லை. ஐரோப்பியப் பணிப்புரையின் இரகசியமும் இதுதான்.

சாரதிகளை மட்டும் குறை சொல்வது எனக்குப் பிடிப்பதில்லை. "ரெண்டு மணிக்கு முன்னால அடிச்சாத்தான் காசு" என்று தொலைபேசியில் சொல்கிறவர்கள் நாம். பயணத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசி, நேரத்துக்கு வந்தால் மேலதிகமாக ஏதாவது தருவதாகவும் சொல்கிறோம். தண்டம் விழுந்தால் சாரதியின் தலையில். எனக்குத் தெரிந்த ஒரு வாடகை லொறிக் கம்பனி, வேகத் தண்டத்தைச் சாரதியின் சம்பளத்தில் வெட்டிவிட்டு, பிந்தி வந்ததற்கும் வெட்டியது. அந்தப் பையன் மூன்று மாதத்தில் வேலையை விட்டுக் கத்தாருக்குப் போய்விட்டான். நல்ல சாரதி. நட்டம் யாருக்கு?

அரசாங்கம் செய்யக்கூடியதில் பெருஞ்செலவு இல்லாதவை இருக்கின்றன. ஏ-14இன் ஒவ்வொரு ஊரின் தொடக்கத்திலும் முடிவிலும் தெளிவான எண் போட் வேண்டும். இரவில் வெளிச்சம் பட்டால் மின்னும் போட். மனிதனும் வாகனமும் கலந்து நடமாடும் இடத்தில் 30 என்று 2020 பெப்ரவரியில் ஸ்டொக்ஹோம் பிரகடனம் உலகத்துக்கே சிபாரிசு செய்தது. அதே வருடம் ஐக்கிய நாடுகள் பொதுச் சபையும் அதை ஏற்றுக் கொண்டது. மன்னார் பஸார், பேசாலை, முருங்கன் சந்தை போன்ற இடங்களுக்கு இதைவிடப் பொருத்தமான எண் கிடையாது. பாடசாலை விடும் நேரத்தில் பேசாலையில் நின்று பார்த்தவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

நாமாகச் செய்யக்கூடியது அதைவிடச் சுலபம். பெரிய லொறி எடுக்கிறவர்கள், ஜப்பானிலிருந்து வரும் வண்டியில் கட்டுப்பாட்டுக் கருவி இருந்தால் அதைக் கழற்றச் சொல்லாதீர்கள். அதைக் கழற்றித் தருவதாகப் பெருமை பேசும் கராஜ்கள் உண்டு. புதிதாகப் பூட்டுவதானால் 70இலோ 80இலோ அமைத்துத் தரச் சொல்லி விலை கேளுங்கள். ஜீ.பீ.எஸ். கருவி ஏற்கெனவே பலர் பூட்டியிருக்கிறார்கள். வண்டி எங்கே என்று பார்க்கிறீர்கள், எத்தனையில் என்பதையும் பாருங்கள். மன்னாரிலிருந்து பேலியகொடைக்கு மீன் அனுப்புகிறவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். அவர்கள் ஒரு மாலையில் கூடி, லொறி புறப்படும் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குக் கொண்டு வந்து, ஐஸ் தொழிற்சாலையிடமும் அதற்கேற்பப் பேசிக் கொண்டால், அந்த நாற்பது நிமிடத்துக்குத் தேவையே இருக்காது. படகு கரைக்கு வரும் நேரத்தை மாற்ற முடியாது என்பார்கள். தெரியும். ஆனால் படகு வந்த பின் தராசடியிலும் பெட்டி அடுக்குவதிலும் போகும் நேரத்தை அளந்து பாருங்கள். எங்கள் வாடியில் அளந்தபோது ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அங்கேயே போனது. இப்போது பெட்டிக்கு முன்கூட்டியே ஐஸ் அடித்து வைக்கிறோம். லொறி இருட்டு விழ முன்னர் பாலத்தைத் தாண்டி விடுகிறது. மதவாச்சி வரையாவது யானைக்கும் மாட்டுக்கும் முந்திக் கொள்கிறோம்.